கஷ்டகாலத்தில் கடவுளின் தயவு நம்மைவிட்டுப் போய்விடுமா?

காரைக்குடியிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் ஆர்டர் இல்லை, வட்டி ஏறுகிறது. ஜெபித்தும் ஒன்றும் மாறவில்லை. கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டாரா?"

இல்லை. ஆனால் "விசுவாசியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி உங்களை அனுப்ப மனமில்லை.

ஆதியாகமம் 39-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். செய்யாத குற்றத்துக்காக யோசேப்பு சிறையில் கிடக்கிறான். கர்த்தர் அவனோடு இருந்து, சிறைச்சாலைத் தலைவனின் தயவு கிடைக்கச் செய்தார் என்கிறது வேதம். கதவு திறக்கவில்லை, தயவு உள்ளே வந்தது. அதன்பிறகும், ராஜாவுக்குப் பானம் பரிமாறும் பானபாத்திரக்காரர் தலைவன், சிறையில் அவன் உதவியைப் பெற்று விடுதலையானபின் அவனை மறந்துவிட, 2 ஆண்டுகள் சிறையிலேயே கழிந்தன. பிரசங்கங்களில் அந்த 2 ஆண்டுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். யோசேப்பு பிறகு உயர்த்தப்பட்ட அரண்மனைக்குப் போக நமக்கு அவ்வளவு அவசரம்!

அப்போஸ்தலன் பவுல் தன் உடலில் இருந்த முள்ளை, அதாவது தன்னை வாட்டிய வேதனையை, நீக்கும்படி 3 முறை வேண்டினார். முள் போகவில்லை, கிருபை கிடைத்தது. உங்கள் ஊரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில்தான் ஓரியூர் இருக்கிறது. 1693-இல் சுவிசேஷம் அறிவித்த குரு அருளானந்தர் அங்கே தன் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டு இறந்தார். கடவுளின் தயவை இழந்தவர் என்று அவரை யாரும் சொல்வதில்லை.

ஆகவே வியாபார நிலவரத்தை வைத்துக் கடவுளின் மனதை அளக்காதீர்கள். முறையிடத் தோன்றினால் முறையிடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது. கடனை மட்டும் வீட்டில் மறைக்காதீர்கள். கடன் கொடுத்தவரிடம் நேரில் போய்த் தவணை கேளுங்கள். சபையில் வியாபாரம் தெரிந்த மூத்தவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.