கணக்குக்காகக் கீபோர்டு வாங்கலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மகளுக்கு ஐந்து வயது, பாலர் பள்ளியில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்பினால் கணக்கில் கெட்டிக்காரி ஆகிவிடுவாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்தில் கணவர் பார்க்கும் ஓவர்டைம் காசில், தவணைக்குக் கீபோர்டு எடுக்கலாமா என்கிறீர்கள். இப்போது வேண்டாம்.

அந்தக் கணக்குக் கதை 1993இல் அமெரிக்காவில் கிளம்பியது. கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மோசார்ட் இசையைப் போட்டுவிட்டு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்பது போன்ற புதிர்களைக் கொடுத்தார்கள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். கால்மணி நேரத்தில் அந்தப் பலனும் கரைந்துவிட்டது. அதில் குழந்தைகளே கிடையாது, கணக்கும் கிடையாது! 2004இல் கனடாவின் உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க் வெளியிட்ட ஆய்வுக்கு மதிப்புக் கொடுக்கலாம். ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேர். சிலருக்குக் கீபோர்டு, சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம், சிலருக்கு ஒன்றுமில்லை. ஓராண்டு கழித்து அறிவுத்திறன் சோதனையில் இசைப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முந்தியது மூன்று புள்ளிகூட இல்லை. பிறரோடு பழகுவதில் தேறியவர்கள் நாடகப் பிள்ளைகள்தான்.

சரி, இசையே வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். காரணம்தான் வேறு. தாளம் பிசகாமல் தட்டத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லை ஒலி ஒலியாகப் பிரிப்பதும் பெரும்பாலும் சுலபமாக வரும். வாசிப்புக்கு அதுதான் அடித்தளம். நம் மொழியில் குறில், நெடில் பேதம் காதில் விழாமல் எழுத்துக்கூட்ட முடியுமா? கர்நாடக இசையின் ஆதி தாளத்தைப் பாருங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது), தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. கை அதே வேகத்தில் போக, வாய் மட்டும் சரளி வரிசையை, அதாவது தொடக்கப் பாடமான சரிகமபதநி வரிசையை, இரண்டாம் காலத்தில், இரட்டை வேகத்தில், பாட வேண்டும். பெரியவர்களுக்கே தடுமாறும். கவனத்தைச் சிதறவிடாமல் பிடித்து வைக்க இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

உறுமி மேளம் கேட்டால் ஆடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ஆடட்டும், மேளத்துக்குப் பக்கத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், சின்னக் காது. ஊர்க் கோயிலில் தேவார வகுப்பு இருக்கிறதா என்று விசாரித்துச் சேர்த்துவிடுங்கள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்குப் போனால் மேடைப் பயமும் விட்டுப்போகும். பரிசை எதிர்பார்த்து விரட்டாதீர்கள். வீட்டில் தினம் பத்து நிமிடம் நீங்களும் கூடப் பாடுங்கள்; குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு உண்டே என்று அடுத்துக் கேட்பீர்கள். அது இடைநிலைப்பள்ளிக் காலத்துக் கவலை.

கணக்குக்கு, பல்லாங்குழியை எடுத்துப் போட்டு முத்துகளை எண்ணச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டு போகும்போதும் யாரும் சொல்லாமலே பாடிக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். பழைய கீபோர்டு ஒன்று பார்த்து வாங்கலாம்.