சின்ன கான்ஃபரன்ஸ் அணியின் சீசன் கணிப்பை எப்படிப் படிப்பது?

கேள்வி: இல்லினாயில் இருக்கிறோம். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி மிசௌரி வேலி கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் லீக் ஆடும் கல்லூரிகளின் குழு) ஆடுகிறது. பத்து வயது மகனுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். சீசன் டிக்கெட் வாங்கலாமா என்று யோசனை. சீசனுக்கு முந்தைய கணிப்பில் எங்கள் அணிக்கு இரண்டாம் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் போன வருடம் ஆடியவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது அணியில் இல்லை. இந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்? மார்ச்சில் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டியான என்.சி.ஏ.ஏ.வுக்குப் போவார்களா?

பதில்: அணி நன்றாக ஆடுமா, மார்ச்சில் உள்ளே போகுமா என்று நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். பெரிய கான்ஃபரன்ஸ் அணிக்கு இரண்டுக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். நன்றாக ஆடினால் உள்ளே போய்விடும். மிட் மேஜர் என்று சொல்கிற உங்கள் அணி மாதிரியானவற்றுக்கு இரண்டும் தனித்தனிக் கணக்கு. அக்டோபரில் வரும் கணிப்பு முதல் கேள்விக்குத்தான் ஏதோ பதில் சொல்கிறது, அதுவும் அரைகுறையாக.

உங்கள் கான்ஃபரன்ஸிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2023-24 சீசனில் இண்டியானா ஸ்டேட் லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடும் ராபி அவிலா என்ற நெட்டையான மைய ஆட்டக்காரரை அந்த வருடம் நாடே பேசியது. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் டிரேக் பல்கலைக்கழகத்திடம் 84-80 என்று தோற்றார்கள். அதுவரை 28 வெற்றி, 6 தோல்வி. கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றவர்களுக்கு என்.சி.ஏ.ஏ.வில் நேரடி இடம், மீதி இடங்களுக்கு ஒரு தேர்வுக் குழு அணிகளைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் குழு பார்க்கும் 'நெட்' தரவரிசையில் முதல் 30க்குள் இருந்தார்கள். இருந்தும் 68 அணிகளில் ஒன்றாக அவர்களை எடுக்கவில்லை. வலுவான அணிகளை வென்ற கணக்கு போதாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இவர்கள் கையில் இல்லாதது. அதே வாரக் கடைசியில் நார்த் கரோலினா ஸ்டேட், ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து ஏ.சி.சி. என்ற பெரிய கான்ஃபரன்ஸின் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. யாரும் எதிர்பார்க்காத அந்த மாதிரி பட்டங்கள் அந்த வருடம் இன்னும் சில கான்ஃபரன்ஸ்களிலும் நடந்தன. ஒவ்வொன்றும் ஓரத்தில் நின்ற ஓர் அணியின் இடத்தைப் பறித்தது.

இண்டியானா ஸ்டேட் இரண்டாம் நிலைப் போட்டியான என்.ஐ.டி.க்குப் போய் இறுதி ஆட்டம் வரை வந்தது. சீட்டன் ஹாலிடம் 79-77 என்று தோற்றது. அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவிலாவும் ஐசையா ஸ்வோப்பும் அவர் பின்னால் போனார்கள். இரண்டு பேர் டெக்சஸுக்கு, ஒருவர் சேவியருக்கு. முதல் ஐவரில் ஒருவர்கூட மிச்சமில்லை.

முன்பெல்லாம் இப்படி நடக்காது. வேறு கல்லூரிக்கு மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒரு முறை மாறுபவருக்கு அந்தத் தடை நீங்கியது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையிலேயே அனுமதி கிடைத்திருந்தது. 2025-26 முதல் கல்லூரியே நேராகப் பணம் கொடுக்கலாம். ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுகளும் சேர்த்து உச்சவரம்பு வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். அந்த வரம்பைத் தொடும் பணம் சின்ன கான்ஃபரன்ஸ் கல்லூரியிடம் ஏது? மார்ச்சில் ஜொலித்த பையன் ஏப்ரலில் கிளம்பிவிடுகிறான். 2025இல் கடைசிப் பதினாறுக்கு வந்த அத்தனை அணிகளும் நான்கே பெரிய கான்ஃபரன்ஸ்களைச் சேர்ந்தவை. சின்ன அணி ஒன்றுகூட இல்லை. முன்பு ஓரல் ராபர்ட்ஸ், செயின்ட் பீட்டர்ஸ், பிரின்ஸ்டன் என்று 2021, 2022, 2023 மூன்று வருடமும், 1 முதல் 16 வரையான நிலைகளில் கடைசிக்கு முந்தைய 15ஆம் நிலை அணி ஒன்று அங்கே வந்து நின்றது.

அதனால் கணிப்பு இரண்டாம் இடம் என்கிறதா, ஐந்தாம் இடம் என்கிறதா என்பதை அதிகம் பொருட்படுத்தாதீர்கள். பயிற்சியாளர்களும் செய்தியாளர்களும் ஓட்டுப் போட்டுத் தயாரிக்கும் பட்டியல் அது. போன வருட ஞாபகத்துக்கும் கல்லூரியின் பழைய பெயருக்கும் அதில் பாதி இடம் போய்விடும். நீங்களே அரை மணி நேரத்தில் இதைவிட நல்ல கணக்குப் போடலாம்.

ஓர் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக, ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 200 நிமிடம். அணியின் இணையதளத்தில் போன சீசன் புள்ளிவிவரத்தை எடுத்து, இந்த வருடமும் இருப்பவர்கள் சராசரியாக எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று கூட்டுங்கள். 100 வந்தால் இன்றைய நிலைமையில் நல்ல அணி. 120 தாண்டினால் மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு 50, 60தான் வரும். அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். அந்த 50 நிமிடம் யாருடையது என்று பாருங்கள். பந்தைக் கொண்டுவரும் பாயின்ட் கார்டு திரும்பியிருந்தால், அதே நிமிடக் கணக்கு உள்ள வேறோர் அணியைவிட உங்கள் அணியை ஒரு படி மேலே வைப்பேன்.

அடுத்து, புதிதாக வந்தவர்கள். பெரிய கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்குவதுதான் இங்கே பலரும் செய்வது. பெரிய கான்ஃபரன்ஸ் அணியில் ஆட்டத்துக்கு ஆறு நிமிடம் ஆடியவரைவிட, அதற்கு அடுத்த மட்டமான இரண்டாம் டிவிஷனில் முப்பத்தைந்து நிமிடம் ஆடி அணியைத் தூக்கிச் சுமந்தவரை நான் அதிகம் நம்புவேன். 2024-25இல் டிரேக்கில் நடந்ததைப் பாருங்கள். பழைய பயிற்சியாளர் மேற்கு விர்ஜினியாவுக்குப் போய்விட்டார், அணி கலைந்துவிட்டது. புதிதாக வந்த பென் மக்காலம், நார்த்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட்டை நான்கு முறை இரண்டாம் டிவிஷன் சாம்பியன் ஆக்கியவர். அங்கே தன்னிடம் ஆடிய நான்கு பேரை அழைத்து வந்தார். அவர்களில் பென்னட் ஸ்டர்ட்ஸ் என்ற பாயின்ட் கார்டு கிட்டத்தட்ட முழு நேரமும் களத்தில் நின்றார். நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்றாக இருந்துகொண்டு 31 ஆட்டம் ஜெயித்தார்கள். கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கி, மார்ச்சில் மிசௌரியையும் 67-57 என்று சாய்த்தார்கள். திரும்பி வந்தவர்களின் நிமிடங்களை மட்டும் பார்த்திருந்தால் அந்த அணியைத் தள்ளிவிட்டிருப்போம். பயிற்சியாளர் தன் பழைய ஆட்களோடு வந்தால் அந்த நிமிடங்களையும் கணக்கில் பாதியாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் மக்காலமும் ஸ்டர்ட்ஸும் அயோவாவுக்குப் போய்விட்டார்கள் என்பது தனிக் கதை.

நவம்பர் வந்ததும் முடிவுகளைப் பார்த்து ஆடவும் வேண்டாம், அழவும் வேண்டாம். உள்ளூரில் மூன்றாம் டிவிஷன் கல்லூரியை 40 புள்ளியில் அடிப்பார்கள். அந்த ஆட்டம் 'நெட்' கணக்கிலேயே வராது. அடுத்த வாரம் ஒரு பெரிய கல்லூரிக்குப் போய் 25 புள்ளியில் தோற்பார்கள். பெரிய கல்லூரி பணம் கொடுத்துக் கூப்பிடும் ஆட்டம் அது. அந்தப் பணத்தை நம்பித்தான் பல சின்ன அணிகளின் பட்ஜெட்டே ஓடுகிறது. எப்போதாவது கூப்பிட்டவருக்கே வினையாகும். 2019 நவம்பரில் ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் என்ற சின்னக் கல்லூரி, பெரிய கல்லூரியான டியூக்கின் சொந்த அரங்கில் கூடுதல் நேரத்தில் 85-83 என்று ஜெயித்தது. கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள அணிகளிடம் சொந்த அரங்கில் 150 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த டியூக்கின் கணக்கு அன்று முடிந்தது.

அந்த மாதத்தில் உருப்படியாகப் பார்க்க வேண்டியது, இரு பக்கமும் சொந்த ஊராக இல்லாத அரங்கில், தங்கள் தரத்து அணிகளோடு ஆடுவதை. பந்தை எத்தனை முறை வீணாகப் பறிகொடுக்கிறார்கள்? எதிரணியை எத்தனை மூன்று புள்ளி ஷாட் எடுக்க விடுகிறார்கள்? எத்தனை எடுக்க விடுகிறோம் என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. அதில் எத்தனை சதவீதம் உள்ளே விழுகிறது என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். எதிரணிகள் மூன்று புள்ளியில் 25 சதவீதம்தான் போடுகின்றன, நம் தடுப்பு பிரமாதம் என்று டிசம்பரில் யாராவது பெருமையடித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரியில் அது தானாக ஏறிவிடும்.

ஜனவரி, பிப்ரவரிதான் உண்மையான சீசன். சொந்த அரங்கு என்பது ஏறக்குறைய மூன்று புள்ளிக்குச் சமம். அதனால் வெளியூர் வெற்றிகளைத் தனியாக எண்ணுங்கள். லீக்கில் முன்னால் முடிப்பதால் கிடைக்கும் பெரிய பலன் பட்டம் இல்லை, மார்ச்சில் முதல் நாள் ஆடாமல் தப்பிப்பதுதான். மிசௌரி வேலி போட்டி 1991 முதல் செயின்ட் லூயிஸில் நடக்கிறது. முன்வரிசை அணிகள் மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஜெயித்தால் பட்டம். பின்வரிசைக்கு நான்கு நாளில் நான்கு. பட்டம் வாங்கினால் என்.சி.ஏ.ஏ.வில் நேரடி இடம். வாங்காவிட்டால் இண்டியானா ஸ்டேட் கதைதான்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் அணி கான்ஃபரன்ஸிலேயே சிறந்தது, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 75 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். மூன்றையும் ஜெயிக்கும் வாய்ப்பு 42 சதவீதம். ஆட்டத்துக்கு 60 சதவீத வாய்ப்புள்ள, நான்கு ஆட்டம் ஆட வேண்டிய அணிக்கு 13 சதவீதம். கணிப்பு உண்மையாகவே பலித்து நீங்கள் இரண்டாம் இடத்தில் முடித்தாலும், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால் சந்தோஷப்படுவேன். எல்லாக் கான்ஃபரன்ஸிலும் இதே விதி இல்லை. ஐவி லீக் தன் போட்டிக்கு முதல் நான்கு அணிகளை மட்டும்தான் அழைக்கிறது. வடகிழக்கு கான்ஃபரன்ஸில் முன்னால் முடித்த அணியின் சொந்த அரங்கிலேயே ஆட்டம். அங்கே 2023இல் ஒரு விநோதம் நடந்தது. பட்டம் வென்ற மெர்ரிமாக், முதல் டிவிஷனுக்குப் புதிதாக வந்த அணி என்பதால் என்.சி.ஏ.ஏ.வுக்குப் போகத் தகுதி இல்லை. இறுதியில் தோற்ற ஃபேர்லி டிக்கின்சன் போனது. போய், முதல் நிலை அணியான பர்டியூவை 63-58 என்று வீழ்த்தியது. 16ஆம் நிலை அணி முதல் நிலை அணியை ஜெயித்தது ஆண்கள் போட்டி வரலாற்றில் அது இரண்டாவது முறைதான். இதையெல்லாம் எந்த அக்டோபர் கணிப்பிலும் தேட முடியாது.

டிக்கெட் விஷயம். முழு சீசன் டிக்கெட்டில் நவம்பர், டிசம்பர் ஆட்டங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள், அவற்றில் பாதி ஒருதலைப்பட்சமாக இருக்கும். கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு மட்டும் தனித் தொகுப்பு இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் ஜனவரிக்கு மேல் ஐந்தாறு ஆட்டத்துக்குத் தனித்தனியாக வாங்குவதே மேல். பையனை ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னாலேயே கூட்டிப் போங்கள். இந்த அளவு அரங்குகளில் ஆட்டக்காரர்கள் ஷாட் பழகுவதை மிகக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம், பெரிய கல்லூரிகளில் அது எளிதில் அமையாது.

செயின்ட் லூயிஸ் பயணத்துக்கு இப்போதே ஹோட்டல் போடுவதானால், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். ஆட்ட டிக்கெட்டுக்கு அவசரமே இல்லை. வெள்ளிக்கிழமை தோற்ற அணிகளின் ரசிகர்கள் சனி, ஞாயிறு டிக்கெட்டை விற்றுவிட்டு ஊர் திரும்பப் பார்ப்பார்கள். அப்போது வாங்கிக்கொள்ளலாம்.