பழைய சொகுசு செடானின் இழுவையை மீட்பது: கேள்வி பதில்

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த சொகுசு செடான்களை இன்னும் தினமும் ஓட்டுபவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எதைப் பொருத்தினால் வேகம் கூடும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எஞ்சின் புதிதாக இருந்தபோது கொடுத்த பலத்தில் இப்போது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்க்காமல் எதையும் பொருத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் 2001ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 530ஐ, ஈ39 வகை வண்டி இருக்கிறது. முன்பிருந்த இழுவை இல்லை; மேடு ஏறும்போது திணறுகிறது. ரீமேப் செய்தால், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றினால், சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது டர்போ இல்லாத எம்54 எஞ்சின். புதிதாக இருந்தபோது அதன் பலம் 231 குதிரைத்திறன். டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தைக் கூட்டி ரீமேப் மூலம் நல்ல பலன் பெறலாம். டர்போ இல்லாத எஞ்சினில் கிடைக்கும் கூடுதல் பலம் ஓட்டும்போது உணர முடியாத அளவுக்குச் சிறியது. மேட்டில் திணறும் வண்டி அதைவிட அதிகமான பலத்தை ஏற்கெனவே எங்கோ இழந்திருக்கிறது. அந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

முதலில் ஸ்கேனரைச் சொருகி, லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். எஞ்சின் கணினி தன் அடிப்படைக் கணக்கைவிட எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதை அது காட்டும். பூஜ்யத்திலிருந்து ஐந்து விழுக்காடு அப்படி இப்படி இருந்தால் கவலையில்லை. பத்தைத் தாண்டினால் கட்டாயம் காரணம் தேட வேண்டும். இதை எஞ்சின் ஓடியபடி வண்டி சும்மா நிற்கும்போது ஒருமுறையும், 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தபடி ஒருமுறையும் பாருங்கள். சும்மா நிற்கும்போது அதிகமாக இருந்து, ஆர்பிஎம் ஏறியதும் குறைந்தால், எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று பொருள். எஞ்சின் குறைவாகக் காற்றை இழுக்கும்போதுதான் சிறிய ஓட்டை வழியாக வரும் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். இதற்கு மாறாக, சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால், உள்ளே வரும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சார் அதைக் குறைத்துக் காட்டுகிறது அல்லது ஃப்யூவல் பம்ப், ஃபில்டர் வழியாகப் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை.

காற்றுக் கசிவுதான் என்றால், இந்த எஞ்சினில் நான் முதலில் பார்ப்பது காற்றோட்ட சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை. மேலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும். கழற்றி, கையால் வளைத்து, மடிப்புகளை விரித்துப் பார்த்தால்தான் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருப்பது தெரியும். அடுத்தது, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வும் அதன் குழாய்களும். சூட்டில் இறுகிப்போய்த் தொட்டாலே உடையும். இவை இரண்டும் நன்றாக இருந்து, குறைந்த ஆர்பிஎம்மில் மட்டும் இழுவை இல்லையென்றால் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வேனோஸ் அமைப்பின் பிஸ்டன் சீல்களைச் சந்தேகிக்கலாம். புகை செலுத்திப் பார்க்கும் கருவி உள்ள பணிமனையில் இந்தக் கசிவுகளைச் சிறிது நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: அதே 530ஐ பற்றித்தான் ஐயா. காற்றோட்ட சென்சாரை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?

பதில்: செய்யலாம். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள். சென்சாரின் உள்பாகத்தை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் பொருத்துங்கள். ஆயில் தடவிய ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, காகித ஃபில்டருக்குத் திரும்புவது நல்லது, ஏனென்றால் அதிகமாகத் தடவிய ஆயில் சென்சாரில் போய்ப் படிந்துவிடும்.

கேள்வி: என் வண்டியும் ஈ39தான். வெப்பமானி முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. அப்படியிருந்தும் கூலிங் பாகங்களை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். தேவையா?

பதில்: மெக்கானிக் சொல்வது சரி. அந்த முள்ளை நம்பாதீர்கள். பரந்த வெப்ப எல்லை முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது எஞ்சின் ஏற்கெனவே ஆபத்தான சூட்டை எட்டியிருக்கும். உண்மையான வெப்பநிலையை ஸ்கேனரில் பாருங்கள்.

இந்த வண்டிகளில் எக்ஸ்பான்ஷன் டேங்க், ரேடியேட்டரின் கழுத்து, தெர்மோஸ்டாட் கூடு ஆகியவை பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூடாகியும் குளிர்ந்தும் அவை உறுதி இழந்து, பெரும்பாலும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஓடும்போதே பிளக்கும். கூலன்ட் முழுவதும் வெளியேறிய பின்னும் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஹெட் போல்ட்டுகள் பிடிக்கும் மரைகளும் பிளாக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவதுண்டு. அதன்பின் செலவு வேறு கணக்கில் போய்விடும். ஆகவே 1,00,000 கிலோமீட்டர் அல்லது பத்து ஆண்டு, எது முதலில் வந்தாலும், ரேடியேட்டர், டேங்க், மூடி, ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாக்கினால் அழுத்தம் சரியான அளவுக்குத் திரும்பி, அடுத்த பலவீனமான பாகத்தை உடைக்கும். நிறுவனம் சொன்ன வகைக் கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சமமாகக் கலந்து ஊற்றுங்கள். வேறு வகைக் கூலன்ட்டோடு கலக்க வேண்டாம்.

கேள்வி: கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று கையேட்டில் இருக்கிறது. 1,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: இசட்எஃப் கியர்பாக்ஸ் என்றால், அதைத் தயாரித்த நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

நீங்கள் கேட்ட பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளட்ச் தகடுகள் தேய்ந்து, ஏற்கெனவே வழுக்கும் கியர்பாக்ஸில் ஆயில் மாற்றினால் வழுக்கல் நிற்காது. மாற்றிய மறுவாரமே கியர்பாக்ஸ் போனால் பழி புது ஆயில் மேல் விழும். ஆகவே முதலில் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது ஆர்பிஎம் ஏறியும் வண்டி முன்னேறாமல் இருக்கிறதா, ரிவர்ஸ் விழத் தாமதமாகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்துக் கழுவுவதை நான் விரும்புவதில்லை. கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டான பேனைக் கழற்றி ஆயிலை வடித்து, ஃபில்டரையும் மாற்றுவதே போதும். கழற்றும்போது பேனுக்குள் இருக்கும் காந்தங்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற குழைவு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரல்களுக்கு இடையே தேய்க்கும்போது நெருடினாலோ, பளபளக்கும் சில்லுகள் தெரிந்தாலோ உள்ளே ஏதோ உடைகிறது. ஆயில் அளவை எஞ்சின் ஓடும்போது, ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கையில் பார்க்க வேண்டும். பல பணிமனைகள் இதில்தான் தவறுகின்றன. குறிப்பிட்ட ரக ஆயில் கிடைக்கவில்லையென்றால் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

மெர்சிடிஸின் 722.6 ஐந்து கியர் பெட்டி வைத்திருப்பவர்கள் பக்கவாட்டில் உள்ள 13 பின் இணைப்பியையும் பார்த்துவிடுங்கள். அதன் ஓ-ரிங் கசிந்தால் ஆயில் வயருக்குள்ளேயே ஏறி, கியர்பாக்ஸ் கணினி வரை போய்ச் சேரும். சிறிய பாகம், எளிதில் மாற்றிவிடலாம்.

கேள்வி: 2004ஆம் ஆண்டு மெர்சிடிஸ் ஈ-கிளாஸில் பிரேக் எச்சரிக்கை வருகிறது. உள்ளே இருக்கும் எண்ணிக்கையை அழித்துவிட்டால் போதும் என்கிறார் ஒருவர்.

பதில்: அழிக்கச் சம்மதிக்காதீர்கள். அது எஸ்பிசி என்ற மின்னணு பிரேக். நீங்கள் பெடலை எத்தனை முறை மிதித்தீர்கள் என்பதை எண்ணிக்கொண்டே வந்து, பம்பின் வேலைக்காலம் முடியும்போது அது எச்சரிக்கும். எண்ணிக்கையை அழிப்பதால் தேய்ந்த பம்ப் புதிதாகிவிடாது. அது செயலிழந்தால் முன்சக்கரங்களில் மட்டும், உங்கள் கால் பலத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும்; பெடல் மிக ஆழம் போகும். முதலில் பேட்டரிகளைச் சோதியுங்கள், ஏனென்றால் வோல்டேஜ் குறைந்தாலும் இதே எச்சரிக்கை வருவதுண்டு. பேட்டரிகள் சரியென்றால் பம்ப் யூனிட்டை மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று: பிரேக் பேட் மாற்றும் முன் கணினி வழியாக இந்த அமைப்பை முடக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் அது தானே அழுத்தம் ஏற்றி பிஸ்டன்களைத் தள்ளும், விரல் நசுங்கும். இதை அறியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: மூன்று நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பேட்டரி புதிது. எங்கே தேடுவது?

பதில்: வண்டியைப் பூட்டியபின் எல்லாக் கணினிகளும் உறங்க அரை மணி நேரம் வரை ஆகலாம், பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்சாரத்தை அதற்கு முன் அளந்தால் தவறான எண்தான் கிடைக்கும். உறங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் கோளாறு இருக்கிறது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஒத்துவராது, திரும்பச் சொருகும்போது உறங்கிய கணினி விழித்துக்கொள்ளும். ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்து மில்லி வோல்ட்டை அளங்கள். பூஜ்யம் என்றால் அந்த வழியில் மின்சாரம் ஓடவில்லை. ஏதாவது எண் காட்டும் ஃப்யூஸின் வழியைத் தொடர்ந்து போனால் குற்றவாளி அகப்படும்.

கேள்வி: அண்ணா, 19 அங்குல சக்கரங்களும் ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட்டும் போட நினைக்கிறேன். வண்டி 1998 மாடல்.

பதில்: அந்தப் பணத்தை டயர், புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர்), ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் போடுங்கள், தம்பி. பெரிய சக்கரத்தின் எடை கூடினால் வண்டி வேகமெடுப்பதும் நிற்பதும் மந்தமாகும், மெல்லிய டயர் பக்கச்சுவர் குழியின் அதிர்ச்சியை நேராக இருக்கைக்கு அனுப்பும். இந்த ரக வண்டியை எதற்காக வாங்குகிறோமோ அதையே இழப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பத்து ஆண்டு கடந்த டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் புஷ் மாற்றும்போது, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய நிலையில்தான் போல்ட்டை முழுமையாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் புஷ் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து சில மாதங்களில் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட். பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்: புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த எல்லை 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் அந்த வித்தியாசத்தைக் கால் உணரும்.

கேள்வி: லெக்ஸஸ் எல்எஸ்400. டைமிங் பெல்ட் மாற்றிப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது, ஆனால் 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இன்னும் ஓட்டலாமா?

பதில்: ஓட்டாமல் மாற்றுங்கள். வண்டி நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது; ஆகவே பம்ப், பெல்ட் ஓடும் ஐட்லர் உருளைகள், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றையும் அதோடு மாற்றுங்கள், ஒரே பிரிப்பில் முடிந்துவிடும். பிரித்திருக்கும்போது கேம், கிராங்க் ஆயில் சீல்களில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அவற்றையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.