நாகர்கோவிலில் காரின் பிரேக் மாற்ற 14,514 ரூபாய் கேட்கிறார்கள். இது நியாயமான தொகையா?

நீங்கள் கேள்வியில் தந்துள்ள விவரம் இது. 46,000 கிலோமீட்டர் ஓடிய சிறிய கார். பிரேக் மிதித்தால் முன்பக்கம் கீச்சிடுகிறது. வொர்க்‌ஷாப்பில் எழுதித் தந்த எஸ்டிமேட்டில் முன் பிரேக் பேடு 2,600, டிஸ்க் இரண்டு 5,200, பின் பிரேக் ஷூ 1,900, பிரேக் ஆயில் 600, லேபர் 2,000 என்று மொத்தம் 12,300 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக 2,214 ரூபாயும் போட்டிருக்கிறார்கள். நான் மெக்கானிக் அல்ல. குளச்சல் பக்கம் கடற்கரையை ஒட்டிக் குடியிருந்துகொண்டு, ஏறக்குறைய இதே அளவுள்ள காரைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பேடின் விலை இருநூறு முந்நூறு ரூபாய் கூடுவதாலோ குறைவதாலோ உங்களுக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. மாற்றத் தேவையில்லாத ஒரு பாகத்தை மாற்றச் சொல்லியிருந்தால்தான் ஆயிரக்கணக்கில் பணம் போகும். ஆகவே தொகையைப் பற்றிப் பேரம் பேசத் தொடங்கும் முன்பு, ஒவ்வொரு பாகத்துக்கும் இப்போது என்ன அளவு இருக்கிறது என்று கேளுங்கள். சக்கரத்தைக் கழற்றி அளந்து பார்த்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்; சத்தத்தைக் கேட்டவுடன் உட்கார்ந்து எழுதியவரிடம் இருக்காது.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு; பேடு என்பது அதை அழுத்திப் பிடித்துத் தேயும் கட்டை. பேடில் சந்தேகம் குறைவு. புதிய பேடின் தேயும் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். அந்த நிலையில் பேடோடு இணைந்த சிறிய எஃகுத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும்படிதான் பல பேடுகள் செய்யப்படுகின்றன. 46,000 கிலோமீட்டருக்கு இது இயல்பானதே. இடது சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்க வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆனால் ஒரு செட் என்று பெட்டியில் வரும் நான்கு பேடுகள் முன் சக்கரங்கள் இரண்டுக்குமே போதும் என்பதை நினைவில் வையுங்கள். பில்லில் பேடு இரண்டு செட் என்று இருந்தால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும்.

டிஸ்க்கின் கதை வேறு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. போதாததற்கு முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற ஊர்களில் உப்புக்காற்று வேறு. இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் டிஸ்க் முழுவதும் செம்மண் பூசியதுபோல் துரு ஏறியிருக்கும். முதல் நான்கைந்து முறை பிரேக் பிடித்ததும் பேடே அதைத் துடைத்துவிடும். அந்த மேல்துருவைக் காட்டி டிஸ்க் போய்விட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்க்கை மாற்றுவதற்கான காரணங்கள் சிலவே: வெடிப்பு, நகத்தை வைத்தால் சிக்கும் அளவுக்கு ஆழமான கோடுகள், அல்லது குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்துபோனது. அந்தக் குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே மில்லிமீட்டர் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். புதிய தடிமனுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான சிறிய கார்களில் 2 மில்லிமீட்டர் அளவுதான். அளக்கும் இடத்தையும் கவனியுங்கள். டிஸ்க்கின் வெளிவிளிம்பில் பேடு படாத ஓரம் ஒரு வரம்பாக எழும்பி நிற்கும். வெர்னியர் என்ற அளவுகோலின் தாடை அதன்மேல் உட்கார்ந்தால் உண்மையைவிடத் தடிமன் கூடுதலாகக் காட்டும். மைக்ரோமீட்டரால் உள்பகுதியில் அளப்பதே சரி. பிரேக் மிதிக்கும்போது பெடல் அதிர்கிறது, ஆனால் தடிமன் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால், லேத்தில் கடைசல் பிடித்தாலே போதுமானதாக இருக்கலாம்; கடைந்த பிறகும் தடிமன் அந்த எல்லைக்கு மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பின்சக்கர டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் பின் ஷூவையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் பெரும்பாலான வேலையை முன் பிரேக்கே செய்கிறது. பின் ஷூ அதைவிட மெதுவாகத் தேயும். ஹேண்ட் பிரேக்கை மேலே வரை இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால், அது அட்ஜஸ்ட் செய்து சரியாகிற விஷயமாக இருக்கலாம். ஷூவின் தேயும் பகுதியான லைனிங் 1 மில்லிமீட்டருக்கு வந்திருந்தாலோ, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஷூவில் ஆயில் படிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். கசிவு இருந்தால் சிலிண்டரையும் சரிசெய்யாமல் ஷூவை மட்டும் மாற்றுவது வீண்செலவு. அடிக்கடி பேச்சிப்பாறை, கீரிப்பாறை மலைப்பாதைகளில் ஏறி இறங்குபவராக இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

உங்கள் எஸ்டிமேட்டில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்ற முறை தக்கலையில் என் வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், "அண்ணாச்சி, இந்த ரெண்டையும் கையில வாங்கிப் பாருங்க" என்று ஒரே சக்கரத்தின் இரண்டு பேடுகளையும் நீட்டினார். வெளிப்பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. உள்பேடு இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்காக இருக்கும் பின் என்ற கம்பியைச் சுற்றிய ரப்பர் உறை கிழிந்து, உப்புநீர் புகுந்து, அந்தப் பின் துருப்பிடித்து இறுகியிருந்ததே காரணம். அதைச் சுத்தம் செய்யாமல், பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் வைக்காமல், உறையை மாற்றாமல் புதுப் பேடு போட்டிருந்தால் அதுவும் அதே கதிக்கு வந்திருக்கும். கடலோர வண்டிகளுக்கு இந்த வேலை அவசியம். ஆகவே 2,000 ரூபாய் லேபரில் காலிப்பர் பின் சர்வீஸ் அடங்குமா என்று கேளுங்கள். அடங்கும் என்றால், நான்கு சக்கர வேலைக்கு அதைக் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். பேடை மட்டும் மாற்றினால் லேபரும் கணிசமாகக் குறைய வேண்டும். முன்பக்க வேலை சீக்கிரம் முடியும், பின் டிரம்மின் ஸ்பிரிங்குகளோடு மல்லுக்கட்டுவதுதான் நேரம் பிடிக்கும்.

இனி வரி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் உட்பட்ட விலை. எஸ்டிமேட்டில் உள்ள 2,600, 5,200 போன்றவை எம்ஆர்பி என்றால், பாகங்களுக்கான 10,300 ரூபாயின் மேல் மறுபடியும் ஜிஎஸ்டி போட முடியாது. லேபருக்கு மட்டும் 360 ரூபாய் சேர்த்து 12,660 ரூபாய்தான் வர வேண்டும். 1,854 ரூபாய் அங்கேயே மிச்சம். வரிக்கு முந்தைய விலையைத்தான் எழுதியிருக்கிறோம் என்று அவர்கள் சொன்னால், பேடு பெட்டியின் எம்ஆர்பி 3,068 ரூபாயாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2025 செப்டம்பர் 22-க்கு முன் பிரேக் பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்த வரி இப்போது 18 சதவீதம் என்பதால், பழைய ஸ்டாக் பெட்டியின் விலையையும் ஒருமுறை பாருங்கள். வரி வாங்குகிறவர் பில்லில் ஜிஎஸ்டி எண்ணைப் போட வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்தவருக்கு அது 33 என்று தொடங்கும். களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் வேலை பார்த்தால் 32 என்று இருக்கும். பதிவே செய்யாத சிறிய வொர்க்‌ஷாப்பாக இருந்தால் ஜிஎஸ்டி வசூலிக்க அவருக்கு உரிமை இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. உங்கள் வண்டியில் இதுவரை மாற்றியதில்லை என்றால் அந்த 600 ரூபாயில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆக, பேடு, ஆயில், காலிப்பர் பின் சர்வீஸ் ஆகியவற்றுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, டிஸ்க்குக்கும் ஷூவுக்கும் அளவைக் காட்டினால் மட்டும் மாற்றுகிறேன் என்று சொல்லுங்கள். அவை இரண்டும் விலகினாலே வரியோடு 8,378 ரூபாய் குறையும். கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைத்துத் தரச் சொல்லுங்கள். விலையை ஒத்துப்பார்க்க, மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனில் சேசிஸ் எண்ணைச் சொன்னாலே போதும். கீச்சொலி மாறி இரும்பும் இரும்பும் உரசுகிற கரகர சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தால், இன்னொரு எஸ்டிமேட் வாங்குவதற்காக வண்டியை எங்கும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த நிலையில் நன்றாக இருக்கும் டிஸ்க்கும் சில நாளில் கெட்டுவிடும், பிறகு அந்த 5,200 ரூபாயைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.