உப்புக்கு மட்டும் ஏன் இரண்டால் பெருக்குகிறோம்?

ஒரு மோல் குளுக்கோஸ், ஒரு மோல் உப்பு இரண்டையும் தனித்தனியே ஒரு கிலோ நீரில் கரைத்தால் உறைநிலைத் தாழ்வு (நீர் உறையும் வெப்பநிலை குறையும் அளவு) ஏன் வேறுபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறைநிலைத் தாழ்வு போன்ற தொகைசார் பண்புகளில் கரைபொருள் எது என்பது பொருட்டே இல்லை. எத்தனை துகள்கள் என்பதுதான் கணக்கு. ஒரு மோல், அதாவது 180 கிராம் குளுக்கோஸ் கரையும்போது மூலக்கூறு உடைவதில்லை. நீரின் உறைநிலைத் தாழ்வு மாறிலி 1.86, அதாவது ஒரு கிலோ நீரில் ஒரு மோல் துகள்கள் கரைந்தால் உறைநிலை இத்தனை டிகிரி குறையும். ஆகவே கணக்குப்படி உறைநிலை −1.86 டிகிரி செல்சியஸ். ஒரு மோல், அதாவது 58.5 கிராம் உப்போ சோடியம் அயனி, குளோரைடு அயனி என்று பிரிந்துவிடும். துகள்கள் இரட்டிப்பு, எனவே −3.72. இந்த 2-தான் வான்ட் ஹாஃப் காரணி.

ஆனால் அளந்து பார்த்தால் −3.4 அளவில்தான் இருக்கும். பாடம் நடத்தும்போது பலர் இதை அவசரமாகக் கடந்துவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் சுவையான இடமே இதுதான். எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. முழுத் தனித்துகள்களாக இயங்குவதில்லை. கரைசல் நீர்க்க நீர்க்கக் காரணி 2-ஐ நெருங்கும்.

அப்புறம், இந்தக் கணக்குகளில் மோலாரிட்டி (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள்) வேண்டாம், மோலாலிட்டியையே (ஒரு கிலோ கரைப்பானில் எத்தனை மோல் கரைபொருள்) போடுங்கள். வெப்பநிலை மாறினால் கரைசலின் கன அளவு மாறும், கரைப்பானின் நிறை மாறாது.