சிவப்புக் காலுறை படத்தில் ஏன் கறுப்பு? ஆரம்பகால பேஸ்பால் சீருடைகள்: கேள்வி பதில்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க பேஸ்பால் அணிகளின் உடைகளை ஆராய்வது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஓவியர் ஒருவர்: 1869 சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் ('சிவப்புக் காலுறை') அணியின் குழுப் புகைப்படத்தைப் பார்த்து வண்ணத்தில் வரைகிறேன். படத்தில் காலுறை கறுப்பாக இருக்கிறதே, உண்மையிலேயே சிவப்புதானா சார்?

சிவப்புதான். அந்தக் காலத்து ஈரத்தட்டுப் புகைப்படத்துக்கு (ரசாயனம் பூசிய கண்ணாடித் தட்டை ஈரம் காயுமுன் பயன்படுத்தி எடுப்பது) நீல ஒளிதான் நன்றாகப் பதியும். சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய பதியவே பதியாது. அதனால் நல்ல சிவப்பு கறுப்பாகவும், வெளிர்நீலம் வெள்ளைபோலவும் விழும். மஞ்சளை வெளிர் நிறம் என்றுதான் நம் கண் எதிர்பார்க்கும், ஆனால் அதுவும் படத்தில் இருண்டுவிடும். எனவே படத்தைப் பார்த்து வெட்டு, காலர், பொத்தான், எழுத்து ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் அந்தப் பருவத்துச் செய்தித்தாளில் தேடுங்கள். இந்தத் துறையில் நான் முழுதாக நம்பும் வழி இது ஒன்றுதான்.

உங்கள் அணிக்கு வெள்ளை ஃபிளானல் (மென்மையான கம்பளித் துணி) உடை, முழங்காலோடு முடியும் கால்சட்டை, நெஞ்சில் 'சி' என்ற அலங்கார எழுத்து. முழுநீளக் கால்சட்டையே வழக்கமாக இருந்த காலத்தில் முழங்காலுக்குக் கீழே பளிச்சென்ற சிவப்பு! வெளிப்படையாகச் சம்பளம் வாங்கி ஆடிய முதல் அணி, அந்த ஆண்டு ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மற்ற அணிகள் அந்த உடையைப் பின்பற்றியதில் வியப்பில்லை.

கல்லூரி மாணவி: அவர்களுக்கு முன்னால் சீருடையே கிடையாதா?

உண்டு. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் 1849இலேயே முடிவு செய்துவிட்டது: நீலக் கம்பளிக் கால்சட்டை, வெள்ளை ஃபிளானல் சட்டை, வைக்கோல் தொப்பி. ஆனால் அது பொழுதுபோக்குக்கு ஆடியவர்களின் சங்கம், தொழில்முறை அணி அல்ல.

அட்டை சேகரிப்பவர்: 1887 வாக்கில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துத் தந்த ஆட்டக்காரர் பட அட்டைகளில் வண்ணமே இருக்கிறதே, அதை நம்பலாமா?

ஆலன் அண்ட் கிண்டர் என்ற சிகரெட் நிறுவனத்தின் அட்டைகளைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவை கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறையில்) வண்ணம் தீட்டியவை. நிறத்தை முடிவு செய்தது ஓவியரும் அச்சுக்கூடமும். துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். ஓல்ட் ஜட்ஜ் என்ற சிகரெட்டின் அட்டைகள் உண்மையான புகைப்படங்கள், அவற்றை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவற்றிலும் ஒரு சிக்கல்: ஆட்டக்காரர் அணி மாறிய பிறகும் பழைய படத்தையே வைத்துக்கொண்டு கீழே உள்ள அணிப்பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். அட்டையில் உள்ள ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, முதலில் சட்டையில் உள்ள எழுத்தைப் படியுங்கள்.

ஒரு வாசகர்: ஒரே அணியில் ஆளுக்கொரு நிறச் சட்டை போட்டு ஆடியதாகப் படித்தேன். கட்டுக்கதையா?

கதையே இல்லை, நடந்தது. 1882இல் நேஷனல் லீக் என்ற தொழில்முறை அணிகளின் அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது. சட்டை, பெல்ட், தொப்பி மூன்றின் நிறமும் ஆட்டக்காரர் களத்தில் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பந்து வீசுபவருக்கு வெளிர்நீலம், கேட்சருக்கு (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) செஞ்சிவப்பு, ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவர்) மெரூன். எந்த அணி என்பதைக் காலுறைதான் சொல்ல வேண்டும்: பாஸ்டனுக்குச் சிவப்பு, சிகாகோவுக்கு வெள்ளை, டெட்ராய்ட்டுக்குப் பழம்பொன், டிராய்க்குப் பச்சை. விளைவை யோசித்துப் பாருங்கள். இரண்டு அணி கேட்சர்களுக்கும் ஒரே சட்டை! அடித்துவிட்டு ஓடிவருபவர் எந்த அணி என்று தெரிய முழங்காலுக்குக் கீழே பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்கு அறவே பிடிக்கவில்லை, பருவம் முடியும் முன்பே கைவிட்டார்கள். 1882 படம் கையில் கிடைத்தால், பருவத்தின் எந்த மாதம் என்று கேட்காமல் நிறம் பூசிவிடாதீர்கள்.

அதே மாணவி: சரி, செய்தித்தாள்களை எங்கே தேடுவது? என்ன சொல்லித் தேடுவது?

நியூயார்க் கிளிப்பர் வார இதழை இல்லினாய் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஊர்ச் செய்தித்தாள்களுக்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தொகுப்பு. பழைய அட்டைகளும் அங்கேயே ஏராளம். 1883க்குப் பிறகு என்றால் ஸ்போர்ட்டிங் லைஃப் என்ற விளையாட்டு வார இதழைப் பாருங்கள். மார்ச், ஏப்ரல் இதழ்களில் தொடங்குங்கள், புதுப் பருவத்துக்கான உடைச் செய்தி பெரும்பாலும் அப்போதுதான் வரும். 'யூனிஃபார்ம்' என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். 'சூட்', 'ஃபிளானல்', 'ஸ்டாக்கிங்ஸ்', 'டிரிம்மிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பழைய அச்சு மங்கியிருப்பதால் கணினி எழுத்துகளைத் தப்பாகப் படித்திருக்கும். தேடல் கைகொடுக்காத இடத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி.

இன்னொருவர்: முதுகில் எண் வைத்து ஆளை அடையாளம் காண முடியாதா?

முடியாது. நியூயார்க் யாங்கீஸ் முதுகில் எண்ணை நிரந்தரமாகப் போட்டதே 1929இல்தான். அதற்கு முந்தைய படங்களில் முகத்தையும் அந்த ஆண்டின் ஆட்டக்காரர் பட்டியலையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.