ஆர்ட்மேன் ஸ்டுடியோ: பிளாஸ்டிசினும் புருவமும் (கேள்வி பதில்)

வாலஸ் அண்ட் கிராமிட், ஷான் த ஷீப், சிக்கன் ரன் எல்லாம் எடுத்த, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் ஸ்டுடியோவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஸ்டாப் மோஷன் (பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் படமெடுப்பது) செய்பவன், சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். யூடியூப் வருமானம், பங்குச்சந்தை எல்லாம் என் பேட்டை அல்ல.

மொட்டைமாடி: நிக் பார்க் ஆர்ட்மேனை எப்படி ஆரம்பித்தார் சார்?

அவர் வாலஸ் அண்ட் கிராமிட்டை உருவாக்கியவர், ஆர்ட்மேனை ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தவர்கள் பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும். லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்ற ஊரில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். ஸ்ப்ராக்ஸ்டனின் அப்பா வீட்டில் 16 மி.மீ. கேமரா ஒன்று இருந்தது. சமையலறை மேசையில் அதை வைத்து விளையாட ஆரம்பித்தார்கள். பிபிசியில் காது கேளாத குழந்தைகளுக்காக ‘விஷன் ஆன்’ என்று ஒரு நிகழ்ச்சி. அதற்குச் சின்னச் சின்னத் துண்டுப் படங்கள் செய்து கொடுத்தார்கள். அப்படி விற்ற ஒரு படத்தில் வந்த அசட்டு சூப்பர்ஹீரோவின் பெயர்தான் ஆர்ட்மேன். 1972-ல் கம்பெனிக்கும் அதையே வைத்துவிட்டார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முதல் பார்வையாளர்கள். காதே கேட்காத பிள்ளைகளுக்குப் படம் செய்தால் வசனத்தை நம்ப முடியாது. தோள் எப்படிச் சரிகிறது, தலை எப்போது திரும்புகிறது என்பதில்தான் எல்லாம் புரிய வேண்டும். அந்தப் பழக்கம் இவர்களை விட்டு இன்றுவரை போகவில்லை.

1976-ல் பிரிஸ்டலுக்கு வந்தார்கள். 1977-ல் டோனி ஹார்ட் என்ற ஓவியரின் ‘டேக் ஹார்ட்’ நிகழ்ச்சிக்காக, அவர் மேசை மேல் ஓடியாடும் மார்ஃப் பிறந்தான். செம்பழுப்பு நிறத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஆள். பேசுவது எந்த மொழியும் இல்லை. நிக் பார்க் வந்து சேர்ந்தது 1985-ல்.

புகைப்படக்காரன்: ஒரு நொடிக்கு எத்தனை படம் எடுக்கணும்? அவங்க எத்தனை எடுக்கிறாங்க?

திரையில் ஓடுவது நொடிக்கு 24 ஃபிரேம். பெரும்பாலும் ஒரு நிலையை இரண்டு ஃபிரேம் பிடிப்பார்கள், அதாவது பொம்மையை 12 முறை நகர்த்தினால் ஒரு நொடி. வேகமான அசைவுக்கு 24-ம் தனித்தனியாக. ஒரு அனிமேட்டருக்கு ஒரு நாள் முழுக்க உழைத்தால் சில நொடிகள் தேறும். அதனால்தான் பெரிய படம் எடுக்கும்போது பல செட்டுகளில் பல அனிமேட்டர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள், ஒரே பாத்திரத்துக்குப் பல பொம்மைகள் இருக்கும்.

நீங்கள் போனில் எடுப்பவர் என்றால் ஒரு எச்சரிக்கை: எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் துடிக்கும். உங்கள் சட்டை நிறம் மாறினாலே போன் குழம்பிவிடும்.

இரவுக்காக்கை: கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸில் மிருகங்கள் பேசுவது நிஜ மனிதர்களின் பேட்டி என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

எல்லோரும் ஆர்ட்மேன் என்றால் களிமண் என்கிறார்கள். என்னைக் கேட்டால் அவர்களுடைய பெரிய கண்டுபிடிப்பு டேப் ரெக்கார்டர். 1970-களின் பிற்பகுதியில் லார்டும் ஸ்ப்ராக்ஸ்டனும் பிபிசிக்காக ‘டவுன் அண்ட் அவுட்’ என்று ஒரு படம் செய்தார்கள். வீடற்றோர் விடுதி ஒன்றில் நிஜமாகவே பதிவு செய்த பேச்சு. அதற்குப் பிளாஸ்டிசின் ஆட்கள். சிரிப்புப் படம் கிடையாது. ஒரு கிழவர் சாப்பாட்டுக்காக வாதாடுகிறார், தடுமாறுகிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார். எழுதிய வசனத்தில் இந்தத் தடுமாற்றம் வராது. அது வராவிட்டால் பொம்மை என்ன செய்யும்? கையை ஆட்டும், அவ்வளவுதான். தடுமாற்றம் இருந்தால் மூக்கைத் துடைக்கலாம், பார்வையை விலக்கலாம், மேசை ஓரத்தைத் தடவலாம். நடிப்புக்கு இடம் கிடைப்பது அங்கேதான்.

பிறகு சேனல் 4 தொலைக்காட்சிக்கு இதே முறையில் வரிசையாகப் படங்கள் செய்தார்கள். 1989-ல் வந்த ‘லிப் சிங்க்’ வரிசையில் நிக் பார்க் செய்தது கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ். சாதாரண ஆட்களிடம் அவர்கள் வீட்டைப் பற்றி, இருக்கும் இடத்தைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்து, அந்தக் குரல்களை மிருகக்காட்சிசாலைக் கூண்டுகளுக்குள் வைத்தார். இங்கிலாந்தின் குளிரையும் சாப்பாட்டையும் இட நெருக்கடியையும் பற்றிப் புலம்பும் காட்டுப்பூனை நினைவிருக்கிறதா? அது பிரேசிலிலிருந்து வந்திருந்த ஒரு மாணவரின் குரல். அவர் தன் வாழ்க்கையைத்தான் சொல்கிறார். கூண்டைச் சேர்த்தது பார்க். அவர் ‘இடம் வேண்டும்’ என்று சொல்லும்போது அந்தப் பூனையின் கைகளை மட்டும் பாருங்கள். 1991-ல் இதற்கு ஆஸ்கார்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: பசங்களுக்கு லீவுல செய்யக் கொடுக்கலாம்னு இருக்கேன். எந்தக் களிமண் வாங்கணும்?

குயவர் மண்ணும், தண்ணீரில் குழைக்கும் வகையும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் காய்ந்து வெடிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள, காயாத மாடலிங் கிளே கேளுங்கள், எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். மே மாத வெயிலில் அது தொய்ந்துபோகும். டேபிள் லைட்டைக் கிட்டத்தில் வைக்காதீர்கள், நடுவில் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளை நிறத்தைத் தொடுமுன் கை கழுவச் சொல்லுங்கள். சிவப்பைத் தொட்ட விரல் வெள்ளையைத் தொட்டால் அது திரும்ப வெள்ளையாகாது. ஈரத் துணி பக்கத்திலேயே இருக்கட்டும்.

போனை அசையாமல் கட்டி, எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள்.

வாய்க்கால்: கோரலைன், பிங்கு, போஸ்ட்மேன் பேட் இதெல்லாம் ஆர்ட்மேன்தானே?

மூன்றும் இல்லை. கோரலைன் அமெரிக்காவின் லைக்கா ஸ்டுடியோ, பிங்கு சுவிட்சர்லாந்து, போஸ்ட்மேன் பேட் இங்கிலாந்துதான் என்றாலும் ஐவர் வுட் செய்தது.

தெருவிளக்கு: கிராமிட்டுக்கு ஏன் வாய் இல்லை?

வாலஸ் என்ற கண்டுபிடிப்பாளரின் நாய் கிராமிட். முதலில் அதைப் பேச வைப்பதாகத்தான் திட்டம். நிக் பார்க் திரைப்படக் கல்லூரி மாணவராக 1982-ல் ‘எ கிராண்ட் டே அவுட்’டை ஆரம்பித்தபோது, வாலஸ் பலகை அறுக்க கிராமிட் முதுகைக் கொடுத்து நிற்கும் ஒரு காட்சி. பலகைக்கு அடியில் இருக்கும் முகத்தில் வாயை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மாற்றுவது பெரும்பாடு. புருவத்தை மட்டும் அசைத்துப் பார்த்தார். அதிலேயே சலிப்பு, பொறுமை, எஜமான் மீது சந்தேகம் எல்லாம் வந்துவிட்டது. வாய் அதோடு போனது.

அந்தப் புருவம் என்பது கண்களுக்கு மேலே ஒரு பிளாஸ்டிசின் மேடு. ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் துளி அழுத்தினால் கவலை, இரண்டையும் நடுவில் சேர்த்தால் கோபம். 1993-ல் வந்த ‘தி ராங் டிரவுசர்ஸ்’ பென்குவினுக்கு அதுகூடக் கிடையாது. இரண்டு கருப்புப் பொட்டுக் கண்கள், எப்போதாவது ஒரு இமைப்பு. அசையாமல் நிற்பதாலேயே பயமுறுத்துகிறது. மாணவர்களிடம் அந்தப் பென்குவினைத்தான் முதலில் காட்டுவேன். பொம்மையை நகர்த்தத் தெரிந்த பிறகு நிறுத்தக் கற்றுக்கொள்வது பெரிய பாடம்.

வாலஸின் அகன்ற வாய்க்குக் காரணம் அவனுக்குக் குரல் கொடுத்த நடிகர் பீட்டர் சாலிஸ். அவர் ‘சீஸ்’ என்று இழுத்துச் சொன்னதைக் கேட்டுத்தான் பார்க் அந்த வாயைக் காதுவரை விரித்தார். இங்கேயும் குரல்தான் முகத்தைச் செய்தது.

ஊர்க்குருவி: ஆர்ட்மேன் நிறுவனர் நிக் பார்க் எத்தனை ஆஸ்கார் வாங்கியிருக்கிறார்?

நிறுவனர் லார்டும் ஸ்ப்ராக்ஸ்டனும். முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள். ஆஸ்கார் நான்கு: கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ், தி ராங் டிரவுசர்ஸ், எ குளோஸ் ஷேவ், 2005-ல் வந்த வாலஸ் அண்ட் கிராமிட் முழுநீளப் படம்.

பழைய ரீல்: என் வருத்தம் ஒன்று. 2006-ல் ‘ஃப்ளஷ்ட் அவே’ எடுத்தபோதே இவர்கள் ஆன்மாவை ஹாலிவுட்டுக்கு விற்றுவிட்டார்கள். முழுக்கக் கம்ப்யூட்டர் படம். நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லையே?

பேசுகிறேன். 2000-ல் ‘சிக்கன் ரன்’ ஹாலிவுட்டின் ட்ரீம்வொர்க்ஸ் கம்பெனியோடு சேர்ந்து வந்து பெரிய வெற்றி பெற்றது. அந்த உறவில் வந்த மூன்றாவது படம் ஃப்ளஷ்ட் அவே. கதை நடப்பது லண்டன் சாக்கடையில், படம் முழுக்கத் தண்ணீர். ஸ்டாப் மோஷனில் தண்ணீர் மாதிரித் தலைவலி வேறில்லை. நிஜத் தண்ணீர் ஃபிரேமுக்காக நிற்காது. பசை, கண்ணாடி, செலோபேன் தாள் என்று ஏமாற்றுவது சில காட்சிகளுக்குச் சரி, படம் முழுக்க முடியாது. கம்ப்யூட்டருக்குப் போக நியாயமான காரணம் இருந்தது.

பழைய ரீல்: தண்ணீர் சாக்கு. கதையையே மாற்றியிருக்கலாமே?

அரைக்கால் ட்ரவுசர்: பழைய ரீல் சொல்வது சரி. அந்தப் படத்தில் விரல்ரேகை இல்லை, அதான் உயிரும் இல்லை.

விரல்ரேகையில் உயிர் இருக்கிறது என்பதை நான் ஏற்க மாட்டேன். ரேகை பார்க்க எனக்கும் பிடிக்கும். வாலஸ் கன்னத்தில் அது மின்னும்போது யாரோ இப்போதுதான் தொட்டுவிட்டுப் போனது தெரிகிறது. ஆனால் ரேகை நிறைய உள்ள உயிரற்ற பொம்மைப் படங்களும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஃப்ளஷ்ட் அவேயில் குறை வேறு: ஒரு நொடி சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பாட்டு, துரத்தல், நக்கல், மறுபடி துரத்தல். கிராமிட் பேப்பரிலிருந்து கண்ணை உயர்த்திவிட்டு மறுபடி தாழ்த்துவதற்கு ஒரு இடம் வேண்டுமே, அந்த இடத்தை அந்தப் படம் தரவில்லை. அந்தப் பாதி வருத்தத்தில் உங்களோடு நானும் இருக்கிறேன். படம் ட்ரீம்வொர்க்ஸுக்குப் பெரிய நஷ்டம், 2007 தொடக்கத்தில் இருவரும் பிரிந்தார்கள்.

அரைக்கால் ட்ரவுசர்: அப்போ 3டி பிரிண்டர் வாய்? அதுவும் கைவேலையா?

2012-ல் வந்த கடற்கொள்ளையர் படத்தில் வாய்களைக் கம்ப்யூட்டரில் வடித்து, அச்சிட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மாற்றினார்கள். மாற்று வாய் புதிதல்ல. வாலஸுக்கே ஒவ்வொரு ஒலிக்கும் செய்து வைத்த வாய்கள் உண்டு. எடுத்துப் பொருத்தி இணைப்பை விரலால் மெழுகிவிடுவார்கள். சிக்கன் ரன் கோழிகளின் கழுத்தில் துணியும் மணிமாலையும் ஏன் என்று நினைக்கிறீர்கள்? உடம்பு சிலிக்கோன், தலை பிளாஸ்டிசின். ஒட்டு தெரியாமல் மறைக்க. தூய பிளாஸ்டிசின் என்ற பொற்காலம் மார்ஃபோடு சரி. நீங்கள் கும்பிடும் படங்களிலும் உள்ளே உலோக எலும்பு இருக்கிறது.

பழைய ரீல்: ஆனாலும் கை தொடுகிறது. அதுதான் என் கட்சி.

அந்தக் கட்சியில் எனக்கும் இடம் கொடுங்கள். 2024 கிறிஸ்துமஸுக்கு வந்த வாலஸ் அண்ட் கிராமிட் படத்தில் அதே பென்குவின் திரும்பி வருகிறது. அதிலும் கம்ப்யூட்டர் உதவி உண்டு. ஆனால் பென்குவின் இமைக்கும்போது அங்கே இருப்பது அனிமேட்டரின் விரல்.

உப்புக்காற்று: தீ விபத்தில் எல்லாமே போய்விட்டதா?

2005 அக்டோபர் 10, பிரிஸ்டல் ரயில் நிலையம் பக்கத்தில் இருந்த கிடங்கு எரிந்தது. பழைய செட்டுகள், பொம்மைகள், முப்பது வருட உழைப்பு. அதே வாரம் அவர்களுடைய வாலஸ் அண்ட் கிராமிட் முழுநீளப் படம் அமெரிக்காவில் வசூலில் முதலிடம். இரண்டு நாள் முன்புதான் காஷ்மீர் பூகம்பம். அதன் முன்னால் இது பெரிதல்ல என்று நிக் பார்க் சொன்னார். படங்கள் பத்திரமாக இருக்கின்றன. எனக்கு மனசு ஆறாதது அந்தச் செட்டுகள்தான். ஒரு சுவரின் வால்பேப்பரைக் கிட்ட வைத்துப் பார்த்தால் புத்தகம் கற்றுத்தராததைக் கற்கலாம்.

மொட்டைமாடி: களிமண் ஃபேக்டரி மூடியதால் ஆர்ட்மேனும் மூடப்போகிறதாமே?

2023-ல் கிளம்பிய செய்தி. அவர்கள் வாங்கும் பிளாஸ்டிசினைச் செய்த கம்பெனி நிறுத்தியது நிஜம். கையிருப்பு இருக்கிறது, மாற்று ஏற்பாடும் நடக்கிறது என்று ஸ்டுடியோ அப்போதே சொல்லிவிட்டது.

சில்லறை: இதில் மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?

என் பேட்டை இல்லை என்று மேலேயே சொன்னேன்.

ஊர்க்குருவி: இப்போ ஆர்ட்மேன் யாருக்குச் சொந்தம்? நிக் பார்க்குக்கா?

நிறுவனர்களிடமிருந்து தொழிலாளர்களுக்கு. 2018-ல் லார்டும் ஸ்ப்ராக்ஸ்டனும் 75 சதவீதப் பங்கை ஊழியர் அறக்கட்டளைக்கு மாற்றினார்கள். பெரிய கம்பெனி எதற்கும் விற்றுவிட்டுப் போயிருக்கலாம், செய்யவில்லை. பழைய ரீல், ஆன்மா விற்ற கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெருவிளக்கு: என் வீடியோவில் வெளிச்சம் விட்டு விட்டு எரிகிறது, என்ன காரணம்?

ஆட்டோ எக்ஸ்போஷர். மூன்றாவது முறை சொல்கிறேன், பூட்டுங்கள். பூட்டியும் துடித்தால் ஜன்னலை மூடுங்கள், மேகம் போனாலே மாறும்.

இரவுக்காக்கை: பாட்டி பேசுவதைப் பதிவு செய்து அதற்குப் பொம்மை செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

பாட்டியிடம் அனுமதி கேட்டுத் தொடங்குங்கள். அரை நிமிடம் போதும். அவர் இருமுவது, மறந்துபோய் நிற்பது, ‘என்னடா சொல்லிட்டிருந்தேன்’ என்பது எதையும் வெட்டாதீர்கள். பதிவை ஃபிரேம் ஃபிரேமாக ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ஃபிரேமில் எந்த ஒலி, எங்கே மூச்சு, எங்கே மௌனம். வாயை மறந்துவிட்டு, மௌனம் உள்ள ஃபிரேம்களில் பொம்மை எங்கே பார்க்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.